பெயர் கேட்டு முடிப்பதற்குள்

தினமும் வெயில் ஏறுகிற நேரத்தில் எங்கள் சர்வருக்கு ஒரு மயக்கம் வரும். சர்வர் இருப்பது எங்கோ கண்காணாத ஊரில். நான் இருப்பது திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், அப்பா வீட்டு மாடி அறையில். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகை வியாபாரியின் பில் எல்லாம் அந்த சர்வர் வழியாகத்தான் போகும். கடைகளில் கூட்டம் சேர்ந்ததும் அது ஒன்றிரண்டு நிமிஷம் அப்படியே நின்றுவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து ஓடும். ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டியது நான். மெதுவாக ஓடுகிற எந்திரங்களைப் பார்த்து எங்கே மெதுவாகிறது என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. "அது மெதுவா ஓடுனா ஓடிட்டுப் போகுது, ஒனக்கு என்ன தாயி வந்துச்சு?" என்று பக்கத்து வீட்டுச் சித்தப்பா கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மாசமானால் சம்பளம் வர வேண்டுமே.

இந்த வேலைக்கு ஒரு கருவி உண்டு. புரோபைலர் என்போம். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை அடிக்கடி எட்டிப் பார்த்து, இந்தக் கணத்தில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வரும். கூட்டமில்லாத எந்திரத்தில் கட்டளை கொடுத்த உடனே குறிக்க ஆரம்பித்துவிடும். கூட்டம் நெரிகிற எந்திரத்தில்தான் வம்பு. குறிக்கத் தொடங்கும் முன்பு, உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் போய், உன் பெயர் என்ன, உனக்குக் கீழே எத்தனை பேர், எந்தெந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளும். அப்படி எழுதிக்கொண்டால்தான் பின்னால், இந்த வேலை இன்னாருடையது என்று பெயர் சொல்ல முடியும். எங்கள் சர்வரில் ஆயிரக்கணக்கில் ஓடும். போதாததற்கு, கேட்கப் போகிற கருவியும் அதே நெரிசலில்தான் வரிசையில் நிற்க வேண்டும். அது எல்லோரிடமும் பெயர் கேட்டு முடிப்பதற்குள் மயக்கம் தெளிந்து சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு கருவி நிதானமாக, நான் தயார் என்று சொல்லும். எதற்குத் தயார்? எல்லாம் முடிந்து ஊரே கலைந்த பிறகு வந்து நின்றால் என்ன அர்த்தம்?

முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் இருக்கும் என் மேலாளரும் கேட்டார். நல்ல பையன், என்னைவிட வயதில் சின்னவர். மயக்கம் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருநாள் பத்து மணிக்கு, ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு. நாள் முழுக்க ஓடவிட்டால் சர்வருக்குப் பாரம் என்று வியாபாரி ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நான் தினமும் காத்திருப்பேன், மயக்கம் வரும், கட்டளையைத் தட்டுவேன், கருவி பெயர் கேட்கக் கிளம்பும். "இன்னைக்காவது மாட்டுமா மேடம்?" என்று ஹெட்போன் வழியாகக் காதுக்குள் மேலாளர் கேட்பார். "பாப்போம் சார்" என்பேன்.

அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னும். வேறு எதையும் தட்டவும் கூடாது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். சித்திரை மாதம். அறுப்பு முடிந்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. தூரத்தில் கண்மாய்க் கரை. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் வெயில் ஏறியதும் கானல் ஓடித் தண்ணீர் நிற்பதுபோலவே இருக்கும். சீமைக் கருவேல மரங்கள் அந்த இல்லாத தண்ணீரில் இடுப்பளவு நின்று அசையும். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் இறங்கி, காலே இல்லாமல் நடந்து, அந்தப் பக்கம் போய்க் கால் முளைத்துக் கரையேறும். பார்த்துக்கொண்டே இருந்தால் வேலையில் இருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். மேலே மின்விசிறி, கீழே அம்மா ஓட்டுகிற மிக்ஸி, காதில் சென்னைக்காரரின் இருமல், எல்லாம் கலந்து ஒரே சத்தமாகிவிடும். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது.

அப்படிக் கண் சொருகும் நேரங்களில் எனக்கு அத்தை நினைப்புத்தான் வரும். அப்பாவின் அக்கா. காரியாபட்டியில் இருந்தார். நான் மதுரையில் காலேஜ் படித்த வருஷங்கள் முழுக்க அத்தை வீட்டில் தங்கித்தான் போய்வந்தேன். இருட்டோடு எழுப்பி, என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவார். நான் உட்கார்ந்தபடியே தூங்குவேன். தலை சாய்ந்தால் சீப்பால் ஒரு தட்டு. பிறகு மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் நகரும்வரை கீழேயே நிற்பார். பஸ்ஸில் மறுபடி தூங்குவேன். அந்தத் தூக்கத்திலும் சீப்பு தலையில் ஓடிக்கொண்டிருக்கும். என் அம்மா எனக்குத் தலை பின்னியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும், வரட்டும்.

இந்த அத்தை என் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பாவுக்கு அப்போது டைபாய்டு. எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். காரியாபட்டிக்குப் பத்திரிகையை ஒரு பங்காளிப் பையனிடம் கொடுத்தனுப்பினார்கள். அத்தை அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, சாப்பாடு போட்டு, பத்திரிகையை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார். என்னிடம் எப்போதும்போலப் போனில் பேசுவார். "எனக்குக் கோவம்லாம் ஒன்னுமில்ல தாயி. கூடப் பெறந்தவன் வாசல்ல வந்து கூப்பிடல. அம்புட்டுத்தான்" என்பார். அப்பாவிடம் கேட்டால், "நான் காய்ச்சல்ல கெடந்தது அவளுக்குத் தெரியாதா?" என்பார். அம்புட்டுத்தான் என்று அத்தை சொன்னது இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காளும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இப்போது என் தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். அதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்து, மாடி அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வந்த வாரத்திலேயே அத்தையின் மகன் போன் செய்தார். அத்தைக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வைகாசிவரை தாங்குவதே சந்தேகம். அத்தையிடம் மட்டும், சளி கட்டியிருக்கிறது, மருந்தில் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. எனக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை. அத்தை கண்ணை மூடுவதற்குள் அப்பா அவர் வாசலில் போய் நின்று கூப்பிட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்கு அவர் வருகிறாரோ இல்லையோ, கூப்பிட்ட வார்த்தை அவர் காதில் விழ வேண்டும்.

ஆனால் அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. முதலில் குலசாமிக்கு வைக்க வேண்டும். பிறகு தாய்மாமன். பிறகு பங்காளிகள், ஒரு வீடு விடாமல். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பெண் கொடுத்த வீடுகள். அத்தை கூடப் பிறந்தவர்தான். ஆனாலும் கட்டிக்கொடுத்த பிறகு அவர் வேறு வீட்டுக்காரர். பங்காளிகளுக்கு முன்னால் அங்கே போனால், பங்காளிகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவார்கள். வராமல் இருப்பதைவிட அது பெரிய அவமானம்.

பங்காளி வீடுகள் நரிக்குடிப் பக்கத்து ஊர்களில் இறைந்து கிடந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி, காரில் ஏறி இறங்க முடியாது. அதனால் வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல் நான் காரை எடுப்பேன். அப்பா முன்சீட்டில், பத்திரிகையும் குங்குமமும் வைத்த தட்டு பின்சீட்டில். ஒரு வீட்டுக்குப் போனால் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும்.

"வாங்க வாங்க. புள்ள எப்ப வந்துச்சு மெட்ராஸுல இருந்து?"

"அது வந்து பத்து நாளாச்சுல்ல."

"அங்கிட்டு மழ தண்ணி உண்டா?"

"எங்கிட்டு? ஒரு தூத்தல் போட்டுச்சு, மண்ணு நனையல."

பிறகு காப்பி வரும், இல்லாவிட்டால் கடையிலிருந்து கலர் பாட்டில் வரும். பருத்தி என்ன ஆனது, யாருடைய மகன் எங்கே வேலை பார்க்கிறான், யாருக்கு ஆப்பரேஷன், யார் வீட்டு ஆடு களவு போனது. பிற்பகல் வெயில் கதவு வழியாக உள்ளே வந்து என் கால்மேல் ஏறி, மறுபடி இறங்கி வாசலுக்குப் போகும். தட்டை மடியில் வைத்தபடி நான் அரைத்தூக்கத்தில் இருப்பேன். எல்லா வீட்டிலும் அதே காப்பி, அதே கேள்வி, அதே காலண்டர். எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். கடைசியில் அப்பா எழுந்து, தொண்டையைச் செருமி, "வைகாசியில பயலுக்குக் கல்யாணம் வச்சிருக்கம். குடும்பத்தோட வந்துறணும்" என்பார். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சுக்கு முன்னால்தான் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு வீடு, கூடிப்போனால் மூன்று. இப்படியே போனால் காரியாபட்டி எப்போது வரும் என்று நான் மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று நரிக்குடிப் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அத்தை மகனிடமிருந்து போன் வந்தது. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று பேசினேன்.

"அம்மா நேத்து ரொம்பச் செரமப்பட்டுருச்சு. மாமா எப்ப வாராக?"

"பங்காளி வீடு இன்னும் முடியல மச்சான்."

"அம்மா கட்டில வாசப் பக்கமா இழுத்துப் போடச் சொல்லுது. காத்து வரும்கிது. காத்துக்காகவா போடச் சொல்லுது?" என்றார்.

உள்ளே போனால் அப்பா கண்மாய் தூர்வாரின கதையைப் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். பெரியப்பாவின் முகத்துக்காகச் சும்மா இருந்தேன். காரில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"நாளைக்கு காரியாபட்டி போவம்ப்பா."

"இன்னும் வீடு கெடக்குல்ல."

"கெடக்கட்டும். அவுக எங்கயும் போயிர மாட்டாக."

"எங்கக்காளும் போயிர மாட்டா. அவ அம்புட்டு லேசுப்பட்டவ இல்ல."

"டாக்டரு சொன்னத ஒங்கட்டச் சொன்னேன்ல?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டோரக் கருவேலங்காடு வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "மொற மாத்திப் போனா அவளுக்கே புடிக்காது" என்றார். சாக்குப்போக்கு என்று நினைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்காள் முகத்தில் விழிக்கப் பயம். ஒவ்வொரு பங்காளி வீடாகப் போய் உட்கார்ந்துகொண்டால் அந்தப் பயம் ஒரு நாள் தள்ளிப்போகிறது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

மறுநாள் பதினொரு மணிபோல மயக்கம் வந்தது. மேலாளர் காதுக்குள், "வந்துடுச்சு மேடம்" என்றார். வழக்கமான கட்டளையைத் தட்டப் போன என் கை நின்றது. இந்தக் கருவியை, யாரிடமும் பெயர் கேட்காதே, நேரே போய்ப் பார் என்று ஏவவும் வழி இருக்கிறது. நாங்கள் அதைச் செய்வதில்லை. செய்தால் பதிவு முழுக்க வெறும் எண்ணாக வந்து நிற்கும். யார் எவர் என்று தெரியாத அறிக்கையை யாரிடம் கொடுப்பது? ஆனால் எனக்கு அன்று பொறுமை இல்லை. பெயர் கிடக்கட்டும், முதலில் ஆளைப் பார் என்று தட்டினேன்.

கோடு மின்னவில்லை. கருவி அந்தக் கணமே குறிக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் எண்கள் மழையாகக் கொட்டின. சர்வர் இன்னும் மயக்கத்தில்தான் இருந்தது. எத்தனையோ நாளாக நாங்கள் பார்க்கத் தவித்ததை நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்ன மேடம், என்ன மேடம்?" என்று மேலாளர் பதறினார்.

மயக்கம் தெளிந்த பிறகு, அந்த எண்களுக்கு உரியவர் யார் என்று சாவகாசமாக விசாரித்தோம். பழைய பில்களைச் சுருட்டி அடுக்கி வைக்கிற ஒரு சின்ன வேலை அது. கடைக்கூட்டம் ஓரளவுக்கு மேல் போனதும் அது கண் விழித்து, ஒரு கதவைப் பூட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். அது வெளியே வரும்வரை மற்ற எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மேலாளர் என்னை வாயாரப் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எந்திரத்துக்குச் செய்ததைப் பெற்ற தகப்பனுக்குச் செய்யக் கூடாதா என்று தோன்றிவிட்டது.

மடிக்கணினியை மூடிவிட்டுக் கீழே இறங்கி, அப்பாவைச் சாப்பிடவைத்து, "கெளம்புங்க" என்றேன். நரிக்குடிப் பக்கம்தான் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தார். ரோட்டு முக்கில் நான் எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

"ரோடு மாறுது."

"தெரியும்ப்பா."

அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் போடுவார், இறங்கிக்கொள்கிறேன் என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். திருச்சுழி தாண்டி, அருப்புக்கோட்டை வந்து, டவுனுக்குள் நுழைந்து வெளியே வந்தோம். நடுமத்தியான வெயிலில் ரோடு ஈரமாக மினுமினுத்தது. எதிரே வருகிற பஸ்ஸுகள் அந்த ஈரத்துக்குள்ளிருந்து முதலில் கூரை, பிறகு கண்ணாடி, பிறகு சக்கரம் என்று முளைத்து வந்தன. அப்பாவின் கண்கள் மூடியிருந்தன, ஆனால் தூங்கவில்லை. வேட்டி முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இந்த ரோட்டில் நாங்கள் இப்படிப் போகிறோம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எவ்வளவு சுலபம், வண்டியைத் திருப்பினால் போதும், இதற்கா இத்தனை நாள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பாளையம்பட்டி வந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"வண்டிய நிறுத்து. வெறுங்கையோடயா போறது?"

கடைகளில் ஏறி இறங்கி அவரே பூ வாங்கினார், பழம் வாங்கினார். வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிழிசல் இல்லாததாகப் பொறுக்கினார். தட்டில் அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

காரியாபட்டியில் அத்தையின் கட்டில் வாசலை ஒட்டியே கிடந்தது. பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை பாதியாக இளைத்திருந்தார். மூக்கில் குழாய். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அத்தை மகன் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தார்.

"வாடா தம்பி" என்றார் அத்தை.

"வந்துட்டேன்க்கா" என்றார் அப்பா.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இங்கிட்டு மழை உண்டா என்று கேட்டார். போர் தண்ணீர் உப்பா என்று கேட்டார். ரோடு அகலப்படுத்தினதில் யார் யார் இடம் போனது என்று கேட்டார். அத்தை மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அவர் கண் என் கையிலிருந்த தட்டுக்குப் போய்ப் போய் வந்தது. சொல்லித் தொலையுங்களேன் அப்பா என்று நான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பேச்சு தானாக நின்றது. அப்பா எழுந்தார். என்னிடமிருந்து தட்டை வாங்கி, கட்டிலுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

"அக்கா, வைகாசியில பயலுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீதான் வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

அத்தை இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் விடவில்லை. அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்குக் குழாயில் இறங்கியது. எனக்கும் அழுகை வந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. நான் ஒருத்தி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்றுகூட நினைத்தேன்.

அத்தை தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "பங்காளி வீடெல்லாம் முடிஞ்சுச்சா தம்பி?" என்றார்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "முடிஞ்சுச்சுக்கா."

"நரிக்குடி அண்ணன் வீடு?"

"சொல்லியாச்சு. காப்பி குடுத்தாக."

"மேல வீட்டுல?"

"கலர் வாங்கியாந்து குடுத்தாக. பேரன் பேத்தியெல்லாம் வந்திருந்துச்சு."

மேல வீட்டுக்கு நாங்கள் போகவே இல்லை. அத்தை ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே போனார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. போகாத வீடுகளில் உட்கார்ந்தார், குடிக்காத காப்பியைக் குடித்தார், கேட்காத நலத்தையெல்லாம் கேட்டதாகச் சொன்னார். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்க, உண்மையிலேயே அங்கெல்லாம் போய்வந்தோமோ என்று எனக்கே மயக்கமாக இருந்தது. அத்தை மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெணத்தடி வீட்டுல யாரு இருந்தா?"

"அண்ணந்தான் இருந்தாரு. ஒன்னைய நல்லா விசாரிச்சாரு."

அத்தை மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த அண்ணன் கண்ணு ஆப்பரேசன் பண்ணி மதுரையில மகன் வீட்டுல இருக்காரு தம்பி. முந்தாநாளு எங்கிட்டப் போனுல பேசுனாரு. ஒன் தம்பி இன்னும் எங்களுக்கே வந்து சொல்லலையேன்னு கேட்டாரு."

வெளியே ரோட்டில் ஒரு லோடு வண்டி போகிற சத்தம் வந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

"ஒனக்குப் பொய் சொல்ல வராதுடா" என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை. அப்பாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பங்காளி வீட்ட விட்டுப்புட்டு எங்கிட்ட மொதல்ல வந்திருக்கன்னா, டாக்டரு இவங்கிட்ட வேற என்னமோ சொல்லியிருக்காரு. சளின்னுல்ல எங்கிட்டச் சொன்னான்."

இல்லை அத்தை என்று சொல்ல நினைத்தேன். அவரைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். ஊரே மறைத்து வைத்திருந்ததை நாங்கள் பூவும் பழமும் வைத்துத் தட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். அத்தை மகன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். அங்கே அவர் விசும்புகிற சத்தம் கேட்டது.

அத்தை தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். சரிந்திருந்த வெற்றிலையை அடுக்கி வைத்தார். மூச்சு ஒழுங்காகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினார்.

"கல்யாணத்துக்கு எனக்குச் சேல எடுப்பேல்ல?"

"எடுக்காம இருப்பேனாக்கா?"

"வைகாசி வரைக்கும் போட்டு வச்சிருக்காத. இந்த வாரமே எடுத்தாந்துரு." மறுபடி மூச்சு வாங்கினார். "நல்லதா ஒன்னு எடு தம்பி. அது ஒன்னு போதும். பெறகு இன்னொரு சேலைக்கு நீ கட கடையா அலைய வேணாம்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கடைசியாகப் போர்த்துகிற சேலையும் பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதையும் கூடப் பிறந்தவன்தான் கொண்டுவர வேண்டும். அப்படியெல்லாம் பேசாதே என்று அப்பா சொல்வார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டிலில் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து, "என்ன நெறம்க்கா வேணும்?" என்று மட்டும் கேட்டார்.